'ராடகன் மரிகா': எல்டன் ரிங் சிலையில் உள்ள ஒரு வரியை எப்படிப் படிப்பது?

ஆயர்ஈத்தாம்_அந்தி

அனைவருக்கும் வணக்கம். 2022 பிப்ரவரியில் 'எல்டன் ரிங்' என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்த வாரத்திலிருந்து விளையாடி வருகிறேன். 2024 ஜூனில் வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' விரிவாக்கத்தையும் இரண்டு முறை முடித்துவிட்டேன். இருந்தும் ஒரே ஒரு வரி என்னைவிட்டுப் போக மறுக்கிறது. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அண்மையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரிகா அந்த உலகத்தின் அரசியும் தெய்வமும் ஆவாள். அவளுடைய முதல் கணவன் காட்ஃப்ரே நாடு கடத்தப்படுகிறான். அதுவரை ரென்னாலா என்ற வேறொரு அரசியின் கணவனாக இருந்த செம்முடி வீரன் ராடகன், ரென்னாலாவை விட்டுவிட்டு வந்து மரிகாவின் இரண்டாம் கணவனாகிறான். பிறகு மரிகா, அந்த உலகத்தின் நியதியைத் தாங்கி நிற்கும் எல்டன் வளையத்தைச் சுத்தியால் உடைக்கிறாள். ராடகன் அதே சுத்தியால் அதை ஒட்டவைக்கப் பார்க்கிறான்.

லெய்ண்டெல் தலைநகரில் ராடகனின் பெரிய சிலை ஒன்று நிற்கிறது. அதன் முன்னே தரையில், மீள்தல் ஒன்றே மறைபொருளைக் காட்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பு கிடக்கிறது. 'மீள்நியதி' என்று நான் தமிழில் வைத்துக்கொண்டிருக்கும் அந்த மந்திரத்தைச் சொல்ல அறிவுப் புள்ளி 37 வேண்டும். என் வீரனுக்கோ அதில் பாதிகூட இல்லை. எனவே ரென்னாலாவிடம் போய், அதற்குரிய பொருளான லார்வல் துளி ஒன்றைக் கொடுத்து, புள்ளிகளை மாற்றி மறுபிறப்பு எடுத்துக்கொண்டேன். மந்திரம் அடங்கிய நூலை, ராடகனுக்கும் ரென்னாலாவுக்கும் திருமணம் நடந்த தேவாலயத்தில் இருக்கும் மிரியல் என்ற ஆமையிடம் கொடுத்துக் கற்றேன். கைவிடப்பட்ட மனைவியின் கையால் மறுபிறவி எடுத்து, அவளுடைய மணமண்டபத்தில் பாடம் கேட்டு, அவளை விட்டுப் போனவனின் ரகசியத்தை அவிழ்க்கப் போகிறேன் என்பது சிலைக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நள்ளிரவு கடந்திருந்தது. மந்திரத்தைச் சொன்னேன். ராடகன் நின்ற இடத்தில் மரிகா நின்றாள். கீழே ஒரு வரி: ராடகன் என்பவன் மரிகா.

அந்த வரியை ஒழுங்கான தமிழில் எழுதிவைக்க நினைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 'ராடகனே மரிகா' என்பதா, 'ராடகன் மரிகாதான்' என்பதா, 'ராடகன் மரிகா ஆனான்' என்பதா? ஒவ்வொன்றும் வேறு கதையைச் சொல்கிறது. இருவரும் தொடக்கம் முதலே ஓர் உடலா, அல்லது இருவராக இருந்து பின்னர் ஒன்றானார்களா? உங்கள் வாசிப்பைச் சான்றோடு எழுதுங்கள்.

செந்தூல்_இளவல்

அண்ணா, இதில் குழப்பத்துக்கே இடமில்லை என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து பழகிய வடிவம்தானே இது: அர்த்தநாரீசுவரர். ஓர் உடலில் ஆண் பாதி, பெண் பாதி. தொடக்கம் முதலே ஒன்று, தேவைப்படும்போது இரண்டாகத் தோற்றம் தருகிறது. மரிகா, ராடகன் இருவரின் பிள்ளைகளான மிக்கெல்லாவும் மலேனியாவும் ஒற்றைத் தெய்வத்தின் பிள்ளைகள் என்று மலேனியாவின் நினைவுப்பொருளில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ்_ஆசிரியை

செந்தூல் தம்பிக்கு அந்த ஒப்புமை உடனே தோன்றியது இயல்புதான். எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. ஆனால் அதை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு முறையை முன்வைக்க விரும்புகிறேன். என் மகனோடு உட்கார்ந்து இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, சங்க அகப்பாடலை வகுப்பில் நடத்தும் பழக்கத்தை விட்டுவிட்டு என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

அகப்பாடலில் முதலில் கேட்கும் கேள்வி, 'இது யார் கூற்று?' என்பது. தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா, யார் கேட்கச் சொன்னது என்று தெரியாமல் பொருள் சொன்னால் பாட்டே தலைகீழாகிவிடும். 'அவர் வருவார்' என்று தலைவி சொன்னால் அது நம்பிக்கை. தோழி சொன்னால் ஆறுதல். பரத்தை சொன்னால் அது வேறு. இந்த விளையாட்டில் நமக்குக் கிடைக்கும் சான்றுகளையும் அப்படியே கூற்று வகையால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிலையை எடுத்துக்கொள்வோம். அது யார் கூற்று? மிரியல் ஆமை சொல்வதைக் கவனியுங்கள்: புகழ்பெற்ற சிற்பி ஒருவர் ராடகனின் பேருருவைச் செதுக்கத் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டார், செதுக்கும்போது ராடகனின் ரகசியம் ஒன்று அவர் கண்ணில் பட்டது, அதைச் சிலைக்குள் வைத்துவிட்டார் என்று பேச்சு. ஆக, சிலை சிற்பியின் கூற்று. அவர் பார்த்தது ராடகன் எல்டன் அரசனாக அமர்ந்துவிட்ட காலத்தில். ஆகவே அந்த வரி அந்தக் காலத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். ராடகன் எங்கே, எப்படித் தோன்றினான் என்பதைப் பற்றி அந்தச் சிற்பிக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொடக்கம் முதலே ஒன்றா என்ற கேள்விக்குச் சிலையைச் சான்றாக நிறுத்த முடியாது.

அடுத்தது அரசியின் படுக்கையறையில் கேட்கும் சொற்கள். அவை மரிகாவின் கூற்று, நமக்கு வழித்துணையாக வரும் மெலினாவின் வாய்வழியாக நமக்கு வருகின்றன, கேட்பவன் ராடகன். அவனைப் பொன் நியதியின், அதாவது அவளுடைய ஆட்சியின் நெறியின், விசுவாசமுள்ள நாய் என்று விளித்துவிட்டு, நீ இன்னும் நானாகவில்லை, நீ இன்னும் தெய்வமாகவில்லை, நாம் இருவரும் உடைந்துபோவோம், என் மறுபாதியே என்கிறாள். சிலை 'ராடகன் மரிகா' என்கிறது; மரிகாவோ 'இன்னும் நீ நானில்லை' என்கிறாள். இரண்டும் ஒரே காலத்துச் சான்றுகள். இரண்டையும் பொய்யாக்காமல் பொருள் கொள்ள வேண்டும் என்றால், உடல் ஒன்று, தெய்வத்தன்மை ஒன்றல்ல என்றுதான் கொள்ள முடிகிறது. 'மறுபாதி' என்ற சொல்லும் 'இன்னும் இல்லை' என்ற சொல்லும் ஒரே மூச்சில் வருவதன் நியாயம் அதுதான்.

அர்த்தநாரீசுவரரிடம் இந்த 'இன்னும் இல்லை' கிடையாது. அங்கே இரு பாதிகளும் ஒன்றை ஒன்று எதிர்ப்பதில்லை. இங்கே ஒரு கை உடைக்கிறது, மற்றக் கை ஒட்டுகிறது, சுத்தி ஒன்றே. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்புமையை மட்டும் வைத்துக்கொண்டால், நமக்குத் தெரிந்த தெய்வத்தைப் பார்த்துக்கொண்டு, கண் முன்னே நிற்கும் தெய்வத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

இலக்கணத்தைப் பற்றியும் ஒன்று. 'ராடகன் மரிகா' என்று எழுதினால் அது பெயர்ப் பயனிலை. வினையே இல்லாததால் காலமும் இல்லை. ஆங்கில வரியிலாவது நிகழ்காலம் இருக்கிறது. தமிழ் இன்னும் மறைக்கிறது. அதனால் வினைச்சொல் எதையும் சேர்க்காமல் விடுவதே நேர்மை என்பது என் கருத்து. 'ஆனான்' என்று எழுதிய உடனே, காலத்தையும் பாலையும் நாமே தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறோம்.

பட்டர்வொர்த்_படகுத்துறை

டீச்சர் சொன்ன கூற்று முறைக்கு நன்றி. அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: இது எந்த மொழியில் முதலில் எழுதப்பட்டது? உலகத்தின் தொன்மக் கதையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பங்கு உண்டு என்றாலும், விளையாட்டில் கிடைக்கும் பொருள்களின் விளக்கங்களும் உரையாடல்களும் அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஜப்பானிய மூலத்திலிருந்து வருபவை. நாம் படிப்பது மொழிபெயர்ப்பு.

நான் ஆரம்பப் பள்ளியைச் சீனப் பள்ளியில் படித்தவன். ஜப்பானியம் பேசத் தெரியாது. ஆனால் அவர்கள் பயன்படுத்தும் சீன எழுத்துகள் பல எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'எம்பிரியன்' என்று வருகிறதே, தெய்வமாகத் தகுதி பெற்றவர்களைக் குறிக்கும் சொல், அது ஆங்கிலத்தில் மிக உயர்ந்த வானுலகைக் குறிப்பது. ஜப்பானிய மூலத்தில் அந்த இடத்தில் இரண்டே எழுத்துகள்தான் இருக்கின்றன: தெய்வம் என்ற எழுத்து, மனிதன் என்ற எழுத்து. 'ஷின்ஜின்' என்று படிக்கிறார்கள். ஒரு சீனக் கடையின் பலகையில் பார்த்தால்கூட எனக்குப் பொருள் விளங்கும். தெய்வமனிதர். வானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனிதராக இருந்து தெய்வமாகக் கூடியவர் என்பது எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் அதை மேலே தூக்கி வானத்தில் வைத்துவிட்டது.

இதைவிட முக்கியமானது மரிகா பிறந்த ஊர். விரிவாக்கத்தில் அந்தக் கிராமத்துக்கு ஆங்கிலத்தில் 'ஷாமன்' கிராமம் என்று பெயர். அதைக் கேட்டதும் காட்டு வைத்தியம், மந்திரவாதம் என்றுதான் நான் நினைத்தேன். மூலத்தில் அங்கே இருக்கும் முதல் எழுத்து, மாண்டரினில் 'வூ' என்று நாங்கள் படித்த எழுத்து. தன் உடலுக்குள் தெய்வத்தை இறங்கவிடுபவரைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்து அது. ஜப்பானியத்தில் 'மிக்கோ'. பினாங்கில் ஒன்பது பேரரசர் திருவிழா ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு 'தாங்கி' என்று ஹொக்கியனில் சொல்லப்படுபவர்களைத் தெரிந்திருக்கும். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு, தெய்வம் ஏறிய நிலையில் நடப்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

ஆகவே மரிகாவின் மக்கள் மந்திரவாதிகள் அல்லர். உள்ளே வேறொன்றை ஏற்கக்கூடிய உடல் படைத்தவர்கள். பல்சாட்டை என்ற ஆயுதத்தின் விளக்கம் இதை உறுதிப்படுத்துகிறது: அந்த மக்களின் தசை மற்றவர் தசையோடு இசைந்து ஒன்றாகிவிடும் என்று சொல்லப்பட்டதாக அதில் எழுதியிருக்கிறது.

தோட்டத்து_மகள்

இதுவரை படித்துவிட்டுப் பேசாமல் போகப் பார்த்தேன்; பட்டர்வொர்த் நண்பர் எழுதிய கடைசிப் பத்தி என்னைப் போகவிடவில்லை.

எங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தது. தோட்டத்துக் கோயில் மாரியம்மன் திருவிழாவில் என் பாட்டிக்கு அருள் வரும். சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்பது என் வேலை. அருள் வந்திருக்கும் நேரத்தில் அவர் என் பாட்டியல்ல, என் பெயரைச் சொல்லி அழைக்கமாட்டார், குரலும் வேறு. பிறகு ஒரு பெருமூச்சு, உடல் ஒரு முறை குலுங்கும், யாராவது ஒருவர் 'சாமி மலையேறிருச்சு' என்பார். உடனே செம்பை நீட்டுவேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, 'சாப்பிட்டியா?' என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வரும்.

கரகமும் அப்படித்தான். நீர்க்கரையில் வைத்துச் சோடித்து, அம்மனை அதில் வரவழைத்து, தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். திருவிழா முடிந்ததும் திரும்ப நீருக்கு அனுப்பிவிடுவார்கள். குடத்தில் அம்மன் இருக்கிறாள். குடமே அம்மன் அல்ல. ஒன்பது பேரரசர் விழாவிலும் ஒன்பதாம் இரவு தெய்வங்களைக் கடலுக்கு வழியனுப்புகிறார்கள். அழைத்தால் அனுப்பவும் வேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்த முறை.

எல்டன் ரிங்கில் எங்குமே சாமி மலையேறுவதில்லை. நான் கவனித்தவரை இறங்கிய எதுவும் திரும்பிப் போவதில்லை. மரிகாவுக்குள் வளையம் இறங்கியது, தங்கிவிட்டது. மலேனியாவுக்குள் அழுகல் பிறந்தபோதே இருக்கிறது, போகவில்லை. அந்த உலகத்தில் வழியனுப்பும் சடங்கே யாருக்கும் தெரிந்ததாகக் காணோம். மரிகாவிடம் 'சாப்பிட்டியா?' என்று திரும்பிவந்து கேட்க ஒரு பாட்டி எஞ்சவில்லை.

ஆயர்ஈத்தாம்_அந்தி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தக் கிராமத்துக்கு மறுபடியும் போனேன். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பானி கிராமத்துக்குப் போனேன். அங்கே பெரிய ஜாடிகளும், வெட்டுகிற கத்திகளும், தசைக் குவியல்களும் கிடக்கின்றன. மரிகாவின் மக்களைக் கொம்புடைய மக்கள் பிடித்து, குற்றவாளிகளின் உடல்களோடு சேர்த்து ஜாடிகளில் அடைத்தார்கள். அருகில் உள்ள குடிசையில் ஓர் ஆவியின் குரல் கேட்கிறது. உன் இடம் ஜாடிக்குள்தான், உன் தசைக்குப் புனிதப் பேறு காத்திருக்கிறது, வேறெதற்கும் நீ தகுதியானவள் அல்ல என்று அது யாரிடமோ சொல்கிறது. டீச்சர் முறைப்படி பார்த்தால் இது கொலையாளியின் கூற்று, கேட்பவள் பலியாகப் போகிறவள். கெஞ்சுவதுபோலப் பேசுகிறான். கேட்பவளின் பதில் நமக்குக் கேட்பதே இல்லை.

அதன்பின் மரிகாவின் கிராமத்துக்குப் போனால் திடீரென்று எல்லாம் அமைதியாகிவிடுகிறது. பூக்கள், ஆளில்லாத வீடுகள், நடுவில் சிறிய பொன்மரம். மரமாகவே உறைந்துவிட்ட பெண்ணுருவின் அருகில் அறுத்துவைத்த பொன்னிறக் கூந்தல் சடை ஒன்று. மரிகா அரசி பாட்டிக்குச் செலுத்திய காணிக்கை என்கிறது விளக்கம். அவள் என்ன வேண்டினாள், என்ன விரும்பினாள், எதை ஒப்புக்கொண்டாள் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல எவரும் எஞ்சவில்லை, மரிகா அதன்பின் ஊர் திரும்பவே இல்லை என்று முடிகிறது. தோட்டத்து அக்கா அந்த விளக்கத்தைப் பார்க்காமலேயே 'பாட்டி எஞ்சவில்லை' என்று எழுதினாரா, பார்த்துவிட்டு எழுதினாரா என்று தெரியவில்லை. எதுவானாலும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

இனி என் வாசிப்பைச் சொல்கிறேன். மேலான சக்தியின் தூதான இரு விரல்களின் சார்பாகப் பேசும் கிழவி எனியா, மரிகாவைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்வதை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம்: அவளுடைய குற்றத்துக்குக் கடும் தண்டனை தேவைப்பட்டது, ஆனாலும் விலங்கிலும் அவள் தெய்வமே, அந்தத் தரிசனத்தின் கலமே என்கிறாள். கலம். தன் மக்கள் கலங்களில் அடைக்கப்பட்டதைப் பார்த்து ஓடிய பெண், அதிலிருந்து தப்பிக்கத் தெய்வமானாள். தெய்வமானதும் தானே ஒரு கலமானாள். ராடகன் அந்தக் கலத்துக்குள் சேர்க்கப்பட்ட இன்னொருவன். பானி கிராமத்து ஜாடியில் இரு உடல்கள் ஒன்றாக்கப்பட்ட அதே முறைதான் அரியணையிலும் நடந்திருக்கிறது. ஆகவே இருவராக இருந்து ஒன்றானார்கள் என்பது என் முடிவு.

மந்திரத்தின் விளக்கமும் எனக்குத் துணை நிற்கிறது. மீள்தல் என்பது அர்த்தத்தின் ஈர்ப்பு, எல்லாம் ஒன்றுகூடவே என்றென்றும் ஏங்குகின்றன என்று அதில் உள்ளது. ஒன்றுகூட ஏங்க வேண்டுமானால் முதலில் பிரிந்திருக்க வேண்டும். ராடகனின் சின்னத்தில், ரென்னாலாவின் கணவனாகச் சூனியமும் மரிகாவின் கணவனாக மந்திரமும் கற்று, அவன் முழுமையடைய விரும்பினான் என்றும் எழுதியிருக்கிறது. குறை உள்ளவன்தான் முழுமையைத் தேடுவான்.

செந்தூல்_இளவல்

அர்த்தநாரீசுவரரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே சுத்தி உடைப்பதும் ஒட்டுவதும் என்று டீச்சர் எழுதியதற்கு என்னிடம் பதிலில்லை.

ஆனால் அண்ணாவின் முடிவையும் அப்படியே ஏற்க முடியவில்லை. முதலாவது, 'ஏங்குகின்றன' என்ற சொல் பிரிந்த இரு பொருள்களுக்கு மட்டும் உரியது அல்ல. முதலில் ஒன்றாக இருந்து, பிரிந்து, மறுபடி கூடத் தவிப்பதும் ஏக்கம்தான். மந்திரத்தின் பெயரே 'மீள்தல்'. இருந்த இடத்துக்குத் திரும்பிப் போவதைத்தானே மீள்வது என்கிறோம்? அந்த விளக்கம் உங்கள் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும், எதிர்ப்பக்கத்துக்கும் சொல்லும்.

இரண்டாவது, மரிகாவின் சுத்தி எல்லைக்கு வெளியே இருக்கும் நியூமன் மக்களின் நிலத்தில் செய்யப்பட்டது என்று அதன் விளக்கம் சொல்கிறது. மரிகா நியூமன் குலத்தவள் என்றே பலரும் படித்து வந்தோம். அவளுடைய ஊர், விரிவாக்கத்தின் கதை நடக்கும் நிழல் நிலத்தில் இருக்கிறது என்று விரிவாக்கம் காட்டுகிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது? அவர்கள் வெளியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள் என்று நான் ஊகிக்கிறேன், ஆனால் ஊகம்தான்.

மூன்றாவது, விரிவாக்கத்தின் கதை முன்னோட்டத்தில் வரும் தொடரைக் கேளுங்கள்: மயக்கமும் துரோகமும், பொன் பிறந்த ஒரு விவகாரம், நிழலும் அவ்வாறே பிறந்தது. யார் யாரை மயக்கினார்கள்? யார் துரோகம் செய்தார்கள்? எழுவாயே இல்லை. மரிகா பலியானவள் என்று மட்டும் படித்தால், அந்தத் துரோகத்தை அவள் செய்திருக்கக்கூடும் என்ற வழியை அடைத்துவிடுகிறோம். தெய்வமாவதற்குக் கடக்க வேண்டிய தெய்வ வாசலை உற்றுப் பாருங்கள். அது உடல்களால் கட்டப்பட்டிருக்கிறது. அவள் அதன் வழியாகத்தான் போனாள்.

பிரிக்பீல்ட்ஸ்_ஆசிரியை

எழுவாய் இல்லாத தொடரைச் சுட்டிக்காட்டியதற்குச் செந்தூல் தம்பிக்கு என் பாராட்டு. உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் நின்று மூச்சு வாங்குவார்கள். எழுவாயை நாம் வருவித்துக்கொள்ளும்போது, வருவித்தோம் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆயர் ஈத்தாம் தம்பியின் 'கலம்' என்ற சொல்லை நான் கைவிடமாட்டேன். புறநானூற்று 256ஆம் பாடலை நினைத்துக்கொண்டேன். கணவனை இழந்த பெண் ஒருத்தி, ஈமத்தாழி செய்யும் குயவனைப் பார்த்து, எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த சிறு பல்லியைப் போல அவனோடு வழியெல்லாம் வந்தவள் அவள். ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த தாழிகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

இந்தப் பாடலை விளையாட்டின் மூலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வேறுபாட்டைக் காட்டவே சொல்கிறேன். புறநானூற்றில் கலத்துக்குள் போகக் கேட்பவள் அந்தப் பெண், கூற்று அவளுடையது, குயவன் பேசுவதே இல்லை. பானி கிராமத்தில் பேசுபவன் அடைப்பவன். அடைபடுகிறவள் பேசுவதே இல்லை. இரண்டு இடத்திலும் இருவர் ஒரு கலத்தில். ஓரிடத்தில் அது அன்பு, மற்றோரிடத்தில் அது வதை. மரிகாவும் ராடகனும் இந்த இரண்டில் எந்தக் கலம்? 'நாம் இருவரும் உடைந்துபோவோம்' என்று மரிகா சொல்வதை நான் பலமுறை கேட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் ஒருத்தி கலத்தை உடைக்கக் கேட்கும் குரலாகத்தான் எனக்கு அது ஒலிக்கிறது. துரோகம் செய்தவளாகவே இருந்தாலும் அந்தக் குரல் பொய்யாகாது. குற்றமும் துயரமும் ஒரே ஆளிடம் இருப்பதற்குக் கூனியையும் கைகேயியையும் படித்த நாம் வியப்படையத் தேவையில்லை.

பட்டர்வொர்த்_படகுத்துறை

டீச்சரின் கடைசி வரிக்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு துணைச் சான்று உண்டு. மிக்கெல்லா தெய்வமாவதற்காகத் தன் உடலையும், கண்ணையும், அச்சத்தையும், ஐயத்தையும், அன்பையும் வழிநெடுக விட்டுவிட்டுப் போகிறான். அவன் விட்ட அன்புதான் செயின்ட் ட்ரினா. கல் சவப்பெட்டிப் பிளவின் அடியில் அவளைக் கண்டு, அவள் தரும் அமுதத்தைக் குடித்து, குடித்த ஒவ்வொரு முறையும் இறந்து, மறுபடியும் போய்க் குடித்தால்தான் அவள் பேசுவாள். தெய்வநிலை மிக்கெல்லாவுக்குச் சிறையாகிவிடும், கூண்டில் அடைபட்ட தெய்வத்தைக் காப்பாற்ற முடியாது, அவனைக் கொன்று மன்னிப்பு அளியுங்கள் என்கிறாள்.

இது அன்பின் கூற்று, கேட்பவர் நாம். மரிகாவுக்குள் ஒருவன் சேர்க்கப்பட்டான் என்றால், மிக்கெல்லாவிடமிருந்து ஒருத்தி கழிக்கப்பட்டாள். வழி நேரெதிர், போய்ச்சேரும் இடம் ஒன்றே. கலமாக வேண்டுமானால் முன்பே உள்ளே இருப்பதைக் கொட்டியாக வேண்டும் என்று அவன் தன் தாயைப் பார்த்துக் கற்றிருப்பானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்து_மகள்

ஆயர் ஈத்தாம் தம்பிக்கு: அந்தச் சடையின் விளக்கத்தை நான் முன்பே படித்திருந்தேன். படித்த இரவு கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வழக்கத்தில் முடி காணிக்கை என்றால் மொட்டை. பிள்ளைக்கு நோய் தீர்ந்ததற்கோ, வேண்டுதல் பலித்ததற்கோ கொடுப்பது. கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம், முடி வளர்ந்துவிடும். மரிகா கொடுத்தது திரும்பி வராதவள் கொடுத்த முடி. அது வேண்டுதலா, நன்றியா, மன்னிப்பா என்று விளக்கமே கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதை நான் மதிக்கிறேன். அதற்கு நாம் பதில் எழுதிவிடக் கூடாது.

அங்கே இருக்கும் சிறு பொன்மரத்தின் மந்திரத்தையும் பாருங்கள். நியதி ஏதும் இல்லாத, பொன்னின் கனிவு மட்டுமே உள்ள மந்திரம் என்று அதில் இருக்கிறது. ஆற்றுவதற்கு எவரும் இல்லை என்று தெரிந்தும் அவள் ஊரைப் பொன்னால் நனைத்தாள். அவள் செய்தவற்றில் ராடகனின் கை படாத ஒரே செயல் இது என்று நான் நினைக்கிறேன்.

ஆயர்ஈத்தாம்_அந்தி

அனைவருக்கும் நன்றி. என் முடிவில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். 'இருவராக இருந்து ஒன்றானார்கள்' என்பதை நிறுவ மீள்நியதி உதவாது என்பதைச் செந்தூல் தம்பி காட்டிவிட்டார். சிலை பிற்காலச் சாட்சி என்பதை டீச்சர் காட்டிவிட்டார். எஞ்சுவது ராடகன் வெறுத்ததாகச் சொல்லப்படும் அவனுடைய செம்முடி. அது அரக்கர்களின் சாபமாக இருக்கலாம் என்று அரக்கன் சடை என்ற சாட்டையின் விளக்கம் ஐயத்தோடு சொல்கிறது. மரிகாவின் முடி பொன். கலத்துக்குள் இருப்பது வேறு என்பதை மறைக்க முடியாமல் காட்டிக்கொண்டிருந்தது அந்த முடி ஒன்றுதான் என்று நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை என்றே எழுதுகிறேன்.

வரியின் தமிழைப் பொறுத்தவரை, டீச்சர் சொன்னபடி வினையைச் சேர்க்கவில்லை. 'ராடகனே' என்ற ஏகாரத்தையும் எடுத்துவிட்டேன். தேற்றப் பொருள் தரும் அந்த ஏகாரம், சிற்பிக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்ததுபோலப் பேசுகிறது. என் குறிப்பேட்டில் இப்போது இப்படி இருக்கிறது:

ராடகன் மரிகா. (சிற்பி கூற்று.)

அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். இறுதிப் போரில் ராடகன் விழுந்ததும் எல்டன் மிருகம் அந்த உடலையே வாளாக்கிக் கையில் எடுத்துக்கொள்கிறதே, அந்தக் காட்சியை இந்தச் சனிக்கிழமை மறுபடியும் பார்த்து, உருகும்போது அது யாருடைய உடலாக இருக்கிறது என்பதைக் கவனித்து எழுதுகிறேன். தோட்டத்து அக்கா, உங்களால் முடிந்தால் நீங்களும் அன்று பாருங்கள்.